சின்ன ஊரில் அனுமதி பெற்ற டே கேர் தேடும் பெற்றோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடுமலை, மன்னார்குடி, சங்கரன்கோவில், ஆரணி மாதிரி ஊர்களில் இருந்துகொண்டு, அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். கைக்குழந்தையையோ நடை பழகும் குழந்தையையோ பகலில் யாரிடம் விடுவது என்ற கேள்விக்குச் சென்னையிலும் கோவையிலும் கிடைக்கும் பதில்கள் இங்கே உதவுவதில்லை. இங்கே மொத்த ஊருக்கும் நாலைந்து போர்டுகள்தான் இருக்கும். அவற்றில் எது முறையான அனுமதியோடு நடக்கிறது என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. சில இடங்களில் நடத்துகிறவருக்கே சரியாகத் தெரியாது. பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். சட்டம், அலுவலகம் பற்றிச் சொல்வது தமிழ்நாட்டுக்குப் பொருந்தும்.

"லைசென்ஸ் எல்லாம் இருக்கு" என்கிறார்கள். எதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்?

தனியார் நடத்தும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துக்கென்றே நாடு முழுவதற்கும் பொதுவான உரிமச் சட்டம் எதுவும் இல்லை. இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். "டே கேர் லைசென்ஸ் காட்டுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், ஏதாவது ஒரு தாளை எடுத்து நீட்டிவிடுவார்கள். நாமும் முத்திரையைப் பார்த்துத் திருப்திப்பட்டுத் திரும்பிவிடுவோம்.

ப்ளே ஸ்கூல் விஷயம் அப்படி இல்லை. தமிழ்நாடு அரசு 2015இல் தனியார் ப்ளே ஸ்கூல்களுக்கென்று தனி ஒழுங்கு விதிகளைக் கொண்டுவந்தது. பள்ளிக் கல்வித் துறையின் அனுமதி வாங்கித்தான் ப்ளே ஸ்கூல் நடத்த வேண்டும். நம் ஊர்களில் டே கேர் பெரும்பாலும் ப்ளே ஸ்கூலோடு ஒட்டியே நடக்கிறது. காலையில் எல்லாக் குழந்தைகளுக்கும் பாட்டு, விளையாட்டு; மதியத்துக்கு மேல் வேலைக்குப் போகும் அம்மாக்களின் குழந்தைகள் மட்டும் அங்கேயே சாப்பிட்டுத் தூங்கி, சாயங்காலம் வீட்டுக்கு வரும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது அந்த ப்ளே ஸ்கூலுக்குக் கல்வித் துறை கொடுத்த அனுமதி ஆணை.

ஆணையைக் கையில் வாங்கி நிதானமாகப் படியுங்கள். அதிலுள்ள பெயரும் வெளியே போர்டில் உள்ள பெயரும் ஒன்றா? முகவரி இந்தக் கட்டடத்தின் முகவரிதானா? வாடகை கட்டுப்படியாகாமல் வேறு தெருவுக்கு மாறியிருப்பார்கள், ஆணை மட்டும் பழைய வீட்டின் பெயரில் இருக்கும். எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பாருங்கள். கடைசியாக, எந்த வயதுக் குழந்தைகளுக்கு அனுமதி என்று கேளுங்கள். மூன்று வயதுக் குழந்தைகளுக்காக வாங்கிய அனுமதியைக் காட்டி எட்டு மாதக் குழந்தையைச் சேர்த்துக்கொண்டால், உங்கள் குழந்தையைப் பொறுத்தவரை அந்தத் தாளுக்குப் பயனில்லை.

சுவர் முழுக்கச் சான்றிதழ் மாட்டியிருக்கிறார்களே, அது போதாதா?

எந்தச் சான்றிதழ் என்பதுதான் கேள்வி. உத்யம் பதிவு என்பது ஒருவர் தன் சிறுதொழிலை இணையத்தில் தானே பதிந்துகொண்டதற்கான அத்தாட்சி. அதைக் கொடுப்பதற்காக யாரும் வந்து குழந்தைகள் தூங்கும் அறையைப் பார்ப்பதில்லை. ஜிஎஸ்டி எண் வரிக்கானது. டிரஸ்ட் பதிவு அமைப்புக்கானது. பெரிய கம்பெனியின் பெயரை வாங்கி நடத்தும் பிரான்சைஸ் என்றால், அது அவர்களுக்கும் அந்தக் கம்பெனிக்கும் உள்ள வியாபார ஒப்பந்தம். சென்னையில் அந்தப் பெயருக்கு நல்ல மதிப்பு இருக்கலாம், ஆனால் உங்கள் ஊர்க் கிளைக்கு அனுமதி தனியாக வாங்கியிருக்க வேண்டும். 'சிறந்த மழலையர் பள்ளி' விருதுகளை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

அங்கேயே சமைத்துக் கொடுக்கிறார்கள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தத் தாள் நிஜமாகவே வேண்டியது.

கட்டடச் சான்று, தீயணைப்புச் சான்று எல்லாம் பெற்றோர் கேட்கிற விஷயமா?

கண்டிப்பாகக் கேட்க வேண்டும். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகி இறந்தார்கள். சமையல் கொட்டகையில் பிடித்த தீ, மாடியில் வகுப்பறைகளுக்கு மேல் போட்டிருந்த கீற்றுக் கூரைக்குப் பரவியது. இறங்கி ஓட வழி குறுகல். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் எவரும் கட்டடத்தின் தாள்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை. நமக்கு அது தெரியும். தெரிந்த பிறகும் கேட்கக் கூச்சப்படக் கூடாது.

பள்ளி நடக்கும் கட்டடத்துக்கு நான்கு சான்றுகள் வேண்டும்: பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரத் துறையின் சுகாதாரச் சான்று. ஒழுங்காக நடத்துகிறவர்கள் இவற்றை ஒரு ஃபைலில் போட்டு வைத்திருப்பார்கள், கேட்டதும் எடுத்துக் காட்டுவார்கள். இவை காலம் முடியும்போது புதுப்பிக்க வேண்டியவை என்பதால் தேதியைப் பாருங்கள். தாள் இருந்தாலும் மாடியில் தகரக் கொட்டகை போட்டு அதில் குழந்தைகளைத் தூங்க வைக்கும் இடத்தில் விடாதீர்கள். சின்னக் குழந்தைகளுக்குத் தரைத்தளம்தான் சரி. ஆபத்து என்றால் ஓர் ஆயாம்மா இரண்டு கையிலும் எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு படி இறங்க முடியும்?

ஊரில் அனுமதி பெற்ற இடங்களின் பட்டியல் எங்கே கிடைக்கும்?

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தனியார் பள்ளிகளைக் கவனிக்கும் பிரிவில் கேளுங்கள். சின்ன ஊர் என்றால் அலுவலகம் மாவட்டத் தலைநகரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கும். போவதற்கு முன் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டால் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். "எங்கள் ஊரில் அனுமதி பெற்ற ப்ளே ஸ்கூல்கள் எவை?" என்று நேரடியாகக் கேளுங்கள். குறிப்பிட்ட ஓர் இடத்தின் பெயரைச் சொல்லி "இதற்கு அனுமதி இருக்கிறதா?" என்று கேட்டால் இன்னும் சீக்கிரம் பதில் வரும்.

வாய்மொழியாகச் சொல்லத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடலாம். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பிரசவ விடுப்பில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது. வேலைக்குத் திரும்பும் வாரத்தில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது.

அங்கன்வாடி, அரசு உதவியோடு நடக்கும் காப்பகம் பற்றித் தெரிய வேண்டும் என்றால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்துக்குப் போங்கள். அது கல்வித் துறையில் வராது.

"அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்" என்கிறார்கள். நம்பலாமா?

விண்ணப்பித்த நகலையும் அலுவலகம் கொடுத்த ஒப்புகைச் சீட்டையும் காட்டச் சொல்லுங்கள். காட்டினால், எதற்காக நிற்கிறது என்று கேளுங்கள். தீயணைப்புச் சான்று வராமல் நிற்கிறது என்றால் எனக்கு அது சின்ன விஷயமே இல்லை. கையெழுத்து ஆகாமல் ஃபைல் கிடக்கிறது என்றால் வேறு கதை, அது நடக்கிறதுதான். ஒப்புகைச் சீட்டு இல்லை, ஆனால் மூன்று வருடமாக "வந்துடும்" என்றால், இனியும் வராது.

அங்கன்வாடியில் விடலாமா? வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

ஏன் விடக் கூடாது? தமிழ்நாட்டில் 54,000க்கும் அதிகமான அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. இரண்டு வயது முடிந்த குழந்தைக்கு மதியம் சூடான சாப்பாடு, வாரம் மூன்று முட்டை, எடையும் உயரமும் பார்த்துப் பதிவு, தடுப்பூசி நினைவூட்டல், எல்லாம் இலவசம். டீச்சரும் ஆயாவும் அதே ஊர்க்காரர்கள், குழந்தையின் பாட்டி பெயர் வரை தெரிந்தவர்கள். "பால்வாடியா?" என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒருநாளாவது உள்ளே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

குறையும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அங்கன்வாடி நேரம் போதாது. ஜவுளிக் கம்பெனியிலோ வங்கியிலோ ஆறு, ஏழு மணிக்கு வேலை முடிகிறவர் சாயங்காலத்துக்கு வேறு ஏற்பாடு செய்தாக வேண்டும். கோடையில் விடுமுறையும் விடுவார்கள். டீச்சருக்குக் கணக்கெடுப்பு, கூட்டம் என்று வெளி வேலைகள் வந்தால் அன்றைக்கு ஆயா மட்டும்தான். சில மையங்களில் கட்டடம் நன்றாக இருக்கிறது, சிலவற்றில் கழிப்பறைக்குத் தண்ணீர் வராது. உங்கள் தெரு மையத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாட்டியோ சித்தியோ சாயங்காலம் கூட்டிவர முடிகிற வீட்டுக்கு, மூன்று வயதுக் குழந்தை என்றால், நான் முதலில் அங்கன்வாடியைத்தான் சொல்வேன். 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளும் தொடங்கினார்கள். உங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். மத்திய அரசின் 'மிஷன் சக்தி'யில் 'பால்னா' என்று ஒரு திட்டம் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, மாதத்தில் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் காப்பகம். அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களும் இதில் வரும். எல்லா ஊரிலும் கிடையாது. ஆனால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கேட்காமல் 'இல்லை' என்று நாமே முடிவு கட்ட வேண்டாம்.

ஒருவர் எத்தனை குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்?

வேலை செய்யும் இடங்களில் அமைக்கும் காப்பகங்களுக்காக 2018இல் மத்திய அரசு ஒரு வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது. அதன்படி மூன்று வயதுக்குக் கீழே 10 குழந்தைக்கு ஒருவர், அதற்கு மேல் 20 குழந்தைக்கு ஒருவர். ப்ளே ஸ்கூல்களுக்கு தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் சொல்வது 20 குழந்தைக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும். இதை நான் உச்ச வரம்பாகத்தான் பார்க்கிறேன். தவழும் குழந்தைகள் என்றால் ஒருவருக்கு நாலைந்து பேர் மேல் தாங்காது. ஒன்றுக்குக் கால் கழுவிவிடும் நேரத்தில் மற்றவற்றை யார் பார்ப்பது?

கேட்கும்போது "மொத்தம் எத்தனை ஸ்டாஃப்?" என்று கேட்காதீர்கள். அதில் டிரைவர், அக்கவுண்ட் பார்ப்பவர் எல்லாரையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். "மத்தியானம் இரண்டு மணிக்குக் குழந்தைகள் தூங்கும்போது அந்த அறையில் யார் யார் இருப்பார்கள்?" என்று கேளுங்கள். அப்புறம் "அவர் லீவு போட்டால்?" என்று கேளுங்கள். சின்ன ஊரில் இதற்குப் பதில் சொல்லத் திணறுகிற இடங்கள் நிறைய.

நேரில் போனால் எதைப் பார்ப்பது?

அட்மிஷன் கேட்க ஒரு தடவை சொல்லிவிட்டுப் போங்கள். மறுபடி, சொல்லாமல், சாப்பாட்டு வேளையில் பன்னிரண்டரை மணி வாக்கில் போங்கள். வாசலிலேயே நிறுத்தி "குழந்தைகள் தூங்குது, நாலு மணிக்கு வாங்க" என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை சேர்ந்த பிறகும் எந்த நேரமும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று சொல்லும் இடம்தான் வேண்டும்.

வாசலில் கேட்டைப் பாருங்கள். தெருவில் பஸ் போகிற ஊர். கொண்டி எந்த உயரத்தில் இருக்கிறது, குழந்தை கைக்கு எட்டுமா? நம் ஊர் வீடுகளில் வாசலருகே தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதன் மூடி கனமானதா, பூட்டியிருக்கிறதா? ஒரு கையால் நகர்த்த முடிகிற தகரத் தட்டை மேலே வைத்து, அதன் மேல் செருப்பு ஸ்டாண்டு போட்டிருந்த ஓர் இடத்தைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் கிணறு இருந்தால் கம்பி வலை போட்டிருக்கிறதா?

குளியலறைக்குப் போங்கள், தயங்காதீர்கள். பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தால் அது ஒரு வயதுக் குழந்தைக்கு ஆபத்து. தலைகீழாக விழுந்தால் சத்தம்கூட வராது. காலி பக்கெட்டைக் கவிழ்த்து வைத்திருக்கும் இடம் விஷயம் தெரிந்த இடம். உள்தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். பினாயில், ஆசிட் எங்கே வைத்திருக்கிறார்கள்? தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தால் உடனே சொல்லுங்கள்.

சமையல் நடந்தால் கேஸ் அடுப்புக்கும் குழந்தைகள் இருக்கும் அறைக்கும் நடுவே கதவு இருக்க வேண்டும். சுவிட்ச் போர்டு, மிக்ஸி ஒயர், இஸ்திரிப்பெட்டி, ஜன்னல் கம்பி இடைவெளி, மாடிப்படிக்குத் தடுப்பு, எல்லாவற்றையும் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். படுக்கும் பாயும் விரிப்பும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியா? வெயில் காலத்தில் கரண்ட் போனால் என்ன செய்வார்கள்?

டிவி ஓடுகிறதா என்று கவனியுங்கள். இரண்டு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், அதற்கு மேல் ஐந்து வயதுக்குள் நாளுக்கு ஒரு மணி நேரம் போதும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. பகல் முழுக்கக் கார்ட்டூன் ஓடினால், பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை என்று அர்த்தம்.

நல்ல இடங்களில் ஒரு நோட்டு இருக்கும். ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன்: தேதி, பெயர், "காலை இட்லி ஒன்றரை, பால் குடிக்கவில்லை. 12.40 முதல் 2.15 தூக்கம். இரண்டு முறை வெளிக்குப் போனது, இளக்கம். முழங்காலில் சிராய்ப்பு, சறுக்கில் இறங்கும்போது. அம்மாவுக்குப் போனில் சொன்னேன்." கீழே எழுதியவர் கையெழுத்து. எழுத்துப் பிழைகள் இருந்தன. அதைப் படித்தபோது அந்த ஆயாம்மா மேல் எனக்கு வந்த நம்பிக்கை பளபளப்பான வரவேற்பறை எதிலும் வந்ததில்லை.

ஏழு மாதக் குழந்தை. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். டே கேர் ஒத்துவருமா?

ஒத்துவரும், ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் கவனம் இரட்டிப்பாக வேண்டும். முதலில், கைக்குழந்தைகளைப் பார்த்துப் பழக்கமுள்ள ஆள் இருக்கிறாரா? மூன்று வயதுக் குழந்தைகள் ஓடியாடும் அதே அறையில் கைக்குழந்தையைத் தரையில் படுக்க வைத்திருக்கக் கூடாது. மல்லாக்கப் படுக்க வைத்துத்தான் தூங்கப் பண்ண வேண்டும். முகத்தருகே தலையணை, மெத்தென்ற போர்வை கூடாது.

பால் எடுத்துக் கொடுத்தனுப்புவதானால் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். எடுத்த தாய்ப்பால் 25 டிகிரி வரையுள்ள அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும், ஃபிரிட்ஜில் நாலு நாள் வரை வைக்கலாம். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அந்த நாலு மணி நேரக் கணக்கு செல்லாது; ஐஸ் வைத்த பையில் கொண்டுபோய் நேராக ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சூடாக்கும்போது அடுப்பில் காய்ச்சக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். மிச்சம் வைத்த பாலை மறுபடி ஊட்டக் கூடாது. இதைப் பார்த்துக்கொள்கிறவரிடம் உட்கார்ந்து ஒருமுறை செய்து காட்டுங்கள்.

பக்கத்துத் தெரு அக்கா வீட்டிலேயே நாலு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். லைசென்ஸ் எதுவும் கிடையாது. வேண்டாமா?

சின்ன ஊர்களில் பாதிக் குடும்பம் இப்படித்தான் சமாளிக்கிறது, அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அவரை ஊரே அறியும், அன்பு இருக்கும், நேரத்துக்கும் வளைந்து கொடுப்பார். ஆனால் யாரும் வந்து சோதிக்கப்போவதில்லை என்பதால் அந்தச் சோதனையை நீங்களே செய்ய வேண்டும். மேலே சொன்ன தண்ணீர்த் தொட்டி, பக்கெட், அடுப்பு எல்லாம் இங்கேயும் உண்டு. அந்த வீட்டில் பகலில் வேறு யார் இருப்பார்கள், யார் வந்துபோவார்கள் என்று கேளுங்கள். "தப்பா நினைச்சுக்காதீங்கக்கா, குழந்தை விஷயம்" என்று ஆரம்பித்தால் எந்த அக்காவும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஏற்பாடு, எத்தனை குழந்தை வரை சேர்ப்பார் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். நாலு பேரை அருமையாகப் பார்த்துக்கொள்கிறவர், நல்ல பெயர் பரவி ஒன்பது பேரைச் சேர்த்ததும் தடுமாறுவார்.

கம்பெனியே காப்பகம் வைக்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்தின்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி செய்து தர வேண்டும். அம்மா நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இது அப்படியே இருக்கிறது. 50 பேர் என்பது பெண்கள் மட்டும் அல்ல, ஆண்களையும் சேர்த்துத்தான். இதைப் பல நிறுவனங்கள் வசதியாக மறந்துவிடுகின்றன.

திருப்பூர், கரூர் பக்கம் மில்களில் காப்பகம் என்று ஓர் அறை இருக்கும், ஆனால் பூட்டியே கிடக்கும். தனியாகப் போய்க் கேட்டால் "யாருமே குழந்தையைக் கொண்டுவருவதில்லையே" என்பார்கள். குழந்தை உள்ள நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அசையவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது.

சிசிடிவி இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம் என்கிறார்கள். அப்புறம் என்ன கவலை?

கேமரா இருப்பது நல்லதுதான். ஆனால் வேலை நேரத்தில் எத்தனை முறை பார்ப்பீர்கள்? கழிப்பறைப் பக்கமும் உடை மாற்றும் இடத்திலும் கேமரா இருக்கவே கூடாது. பதிவு எத்தனை நாள் இருக்கும், உங்கள் குழந்தையை வேறு எத்தனை பேர் போனில் பார்க்க முடியும் என்று கேளுங்கள். மற்றபடி, சொல்லாமல் போய் நிற்கும் ஒரு பெற்றோருக்கு ஈடான கேமரா இல்லை.

கட்டணம்?

ஊருக்கு ஊர் வேறுபடும். சேர்க்கைக் கட்டணம், மாதக் கட்டணம், சாப்பாடு, தாமதமாகக் கூட்டிப்போனால் கூடுதல், லீவு போட்ட மாதத்துக்கு எவ்வளவு, பாதியில் நிறுத்தினால் முன்பணம் திரும்ப வருமா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். ரசீது தராத இடத்தில் சேர்க்காதீர்கள்.

காய்ச்சல் வந்தால் அனுப்பலாமா?

வேண்டாம். உங்களுக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டால், மதியம் காய்ச்சல் ஏறும்போது நாலு குழந்தைக்குப் பரவியிருக்கும். கை கால் வாயில் கொப்புளம் போடும் காய்ச்சல் இப்படித்தான் ஒரு வாரத்தில் முழு டே கேரையும் சுற்றிவரும். சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையின் நகலைக் கேட்கும் இடத்தை நான் மதிக்கிறேன். ஒன்பது மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசியைத் தள்ளிப்போட்டிருந்தால் சேர்ப்பதற்கு முன் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிடுங்கள், இலவசம்தான். மருந்து கொடுக்கச் சொல்வதானால் மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள்.

வேனில் அனுப்பலாமா?

மூன்று வயது ஆகாத குழந்தையை நானாக இருந்தால் அனுப்ப மாட்டேன். 2012இல் சென்னைக்கு அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான், தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. வேறு வழி இல்லை என்றால், வேனில் உதவியாளர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் உட்கார வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். யார் வந்தால் குழந்தையைக் கொடுக்கலாம் என்ற பெயர்ப் பட்டியலைப் படத்தோடு டே கேரில் கொடுத்துவையுங்கள். "மாமா வந்திருக்கேன்" என்றதும் அனுப்பிவிடக் கூடாது.

தினமும் அழுகிறது. பழகாத அழுகையா, ஏதாவது நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டு வரும்போது அழுவது இயல்பு. நீங்கள் போன கொஞ்ச நேரத்தில் அடங்கி விளையாடுகிறதா என்பதுதான் முக்கியம். பத்து நிமிடம் வெளியே நின்று கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் அரை நாள் மட்டும் விட்டால் சீக்கிரம் பழகும்.

பழகிய பிறகு திடீரென்று ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு மிரண்டால், உடை மாற்றும்போது பதறினால், காரணம் சொல்ல முடியாத காயம் இருந்தால், விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்பி வந்தால், லேசாக எடுக்காதீர்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், எந்த நேரமும் பேசலாம். பாலியல் தொல்லை என்ற சந்தேகம் இருந்தால் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டியது டே கேர் நடத்துகிறவரின் கடமையும்கூட. "ஊர்ல பேர் கெட்டுடும், நமக்குள்ளேயே பேசிக்கலாம்" என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், கேட்காதீர்கள்.

கட்டடம், சுத்தம், அனுமதி பற்றிய புகார் என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள், அல்லது திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். 1100க்கு போன் செய்து முதல்வரின் முகவரித் துறையிலும் பதியலாம். மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஊரில் ஒன்றுமே சரியாக இல்லை. என்ன செய்வது?

பக்கத்து ஊரைப் பாருங்கள், ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் தேடாமல் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் தேடுங்கள். குழந்தைக்கு ஒன்று என்றால் பத்து நிமிடத்தில் போய்ச் சேரும் தூரம் அதுதான். உங்களைப் போலத் தேடும் இன்னும் இரண்டு குடும்பம் நிச்சயம் இருக்கும். தடுப்பூசி போடும் நாளில் சுகாதார நிலையத்தில் அரை மணி நேரம் பேசினால் கண்டுபிடித்துவிடலாம். மூன்று வீடு சேர்ந்து நம்பிக்கையான ஓர் ஆளை வைத்து, ஒருவர் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் செய்வது பல ஊர்களில் நன்றாக நடக்கிறது.

அதோடு, அங்கன்வாடியோடு காப்பகம் வேண்டும் என்று அந்தக் குடும்பங்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டுக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும் கலெக்டரிடமும் கொடுங்கள். ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவரலாம். மனுவில் ஆறு வயதுக்குக் கீழே எத்தனை குழந்தைகள், அம்மாக்கள் எங்கே எத்தனை மணி வரை வேலை செய்கிறார்கள் என்ற விவரத்தைப் பெயரோடு எழுதுங்கள். அங்கன்வாடி டீச்சரிடம் அந்தப் பகுதிக் குழந்தைகளின் கணக்கெடுப்புப் பதிவேடு இருக்கும். அவரிடம் கேட்டால் விட்டுப்போன வீடுகளையும் சொல்லிவிடுவார்.